"மொழியியல் படித்தால் வேலை கிடைக்குமா?"

பி.ஏ. ஆங்கிலம் முடித்த மகள், பேச்சின் ஏற்ற இறக்கத்தில் உணர்ச்சி எப்படித் தெரிகிறது என்று ஆராயப் போகிறேன் என்கிறாள், இதற்குச் சம்பளம் தருவார்களா என்று கேட்டிருக்கிறீர்கள். தருவார்கள் அம்மா, ஆனால் சீக்கிரம் இல்லை. எம்.ஏ. 2 வருடம், பிஎச்.டி. 4, 5 வருடம் என்று மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள்.

எம்.ஏ. மொழியியலுக்குப் பக்கத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் இருக்கிறது. ஹைதராபாத் பல்கலைக்கழகம், டெல்லி ஜேஎன்யு என்றால் க்யூட் பிஜி என்ற நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். அப்புறம் யுஜிசி நெட் என்ற தேசியத் தகுதித் தேர்வு. அதில் நல்ல மதிப்பெண் எடுத்து ஜேஆர்எஃப் என்ற ஆராய்ச்சி உதவித்தொகைக்குத் தேர்வானால், பிஎச்.டி.யின் முதல் 2 வருடம் மாதம் 37,000 ரூபாய் வரும். உங்கள் கையை எதிர்பார்க்க மாட்டாள்.

இந்தத் துறை வெளியில் தெரிவதைவிடக் கடினமானது. கோபப்பட்டாலும் குரலின் சுருதி ஏறும், சந்தோஷத்தில் துள்ளினாலும் ஏறும். சுருதியை மட்டும் அளந்தால் இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். சத்தம், வேகம், குரலின் இறுக்கம் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். இன்னொரு சிக்கல், உணர்ச்சியை எங்கே போய்ப் பதிவு செய்வது? 2005இல் வெளிவந்த பெர்லின் பதிவுத் தொகுப்பில் 10 நடிகர்கள் ஒரே வாக்கியங்களைக் கோபம், பயம், சலிப்பு என்று மாற்றி மாற்றிப் பேசினார்கள். நடிகரின் கோபமும் நம் வீட்டுச் சமையலறையில் வெடிக்கும் கோபமும் ஒன்றா? அதற்காக அசல் சண்டையைச் சொல்லாமல் பதிவு செய்யவும் கூடாது. இந்த இடத்தில்தான் ஆராய்ச்சியே ஆரம்பிக்கிறது.

எனக்குள்ள கவலை வேறு. பி.ஏ. ஆங்கிலத்தில் புள்ளியியல் கிடையாது. கல்லூரிப் பணியிடங்கள் குறைவு, எனவே பேச்சுத் தொழில்நுட்ப நிறுவனங்களின் கதவையும் தட்ட வேண்டியிருக்கும். அங்கே முதலில் பைத்தான் என்ற கணினி நிரல்மொழி தெரியுமா என்றுதான் கேட்பார்கள். எம்.ஏ. முதல் வருடத்திலேயே புள்ளியியல், பைத்தான் இரண்டையும் தொடங்கட்டும்.

பணம் கட்டுவதற்கு முன் ஒன்று செய்யச் சொல்லுங்கள். ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழகத்தில் உருவான பிராட் (Praat) என்ற பேச்சொலியை அளக்கும் மென்பொருள் இலவசம். பாட்டியிடம் "சாப்பிட்டாச்சா" என்பதை அக்கறையாக ஒரு தடவை, எரிச்சலாக ஒரு தடவை சொல்லச் சொல்லிப் பதிவு செய்து அதில் திறக்கட்டும். சுருதி நீலக் கோடாக வரும். அதோடு ஒரு வாரம் மல்லுக்கட்டியும் அவளுக்கு அலுக்கவில்லை என்றால் தாராளமாகச் சேருங்கள். மூன்றாம் நாளே லேப்டாப்பை மூடிவிட்டால் என்னிடம் அழைத்து வாருங்கள், வேறு பேசலாம்.