தேயவே தேயாத ஃபில்லிங் வேண்டுமா?

கேள்வி: கீழ்க் கடைவாய்ப் பல்லில் சின்னதாகச் சொத்தை. சிமெண்ட் வைத்தால் செலவு குறைவு, பல் நிறத்திலேயே காம்போசிட் வைத்தால் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு ஆகும் என்கிறார் டாக்டர். காசு போனால் போகட்டும், தேயாமல் இருக்க வேண்டும். பேசாமல் ஜிர்கோனியா என்கிற கடினமான பீங்கான் கேப்பே போட்டுக்கொள்ளட்டுமா?

பதில்: வேண்டாம். உங்கள் பல்லே தேய்கிறதே! கடைவாய்ப் பற்கள் ஒன்றோடொன்று மோதும் இடத்தில் எனாமல் (பல்லின் கடினமான வெளிப்படலம்) ஆண்டுக்குச் சுமார் 30 மைக்ரான் தேய்வதாக அளந்திருக்கிறார்கள், அது தலைமுடிப் பருமனில் பாதிகூட இல்லை. அடைக்கிற பொருளும் ஏறக்குறைய அதே வேகத்தில் தேய்ந்தால் போதும்.

சிமெண்ட் என்று அவர் சொல்வது பெரும்பாலும் கிளாஸ் அயனோமர். தானாகவே பல்லோடு ஒட்டும், ஃப்ளோரைடும் விடும், பால் பல்லுக்கும் ஈறோரச் சொத்தைக்கும் நல்லது. ஆனால் மெல்லுகிற பரப்பில் சீக்கிரம் தேய்ந்து பள்ளமாகிவிடும். பிசினில் துகள்களைக் கலந்து செய்யும் காம்போசிட்டும் ஆரம்ப காலத்தில் மோசமாகத்தான் தேய்ந்தது, உள்ளே கலந்திருந்த துகள்கள் பெரிதாக இருந்ததால் சுற்றியிருக்கும் பிசின் தேயத் தேய அவை பெயர்ந்து வந்தன. இப்போது துகள்கள் மிகப் பொடியாகிவிட்டதால் தேய்மானம் எனாமலை நெருங்கிவிட்டது. உங்களுக்கு அதுதான் சரி.

ஜிர்கோனியா எனாமலைவிட மூன்று மடங்குக்கு மேல் கடினம். நன்றாகப் பாலிஷ் போட்டிருந்தால் எதிர்ப்பல்லை அதிகம் அரிக்காது, சொரசொரப்பாக விட்டால்தான் ஆபத்து. என் அம்மாவுக்கு ஒரு கிளினிக்கில் பீங்கான் கேப்பின் உயரத்தைத் தேய்த்துக் குறைத்தவர்கள் மறுபடி பாலிஷ் போடாமலே அனுப்பிவிட்டார்கள், மேல் பல் தேய்ந்து கூச ஆரம்பித்த பிறகுதான் எங்களுக்கு விஷயமே புரிந்தது. அதைவிட முக்கியம், கேப் மாட்ட நல்ல பல்லைச் சுற்றிலும் செதுக்க வேண்டும், செதுக்கிய எனாமல் திரும்ப முளைக்காது. பாதிப் பல் போயிருந்தாலோ வேர் சிகிச்சை செய்திருந்தாலோ கேப் நியாயம், சின்னச் சொத்தைக்கு அது அநியாயம்.

மிச்சமாகும் காசைவிட வேலை சுத்தமாக நடக்கிறதா என்று பாருங்கள். எச்சில் படாமல் பல்லைக் காய வைத்து, வழக்கமான காம்போசிட்டானால் 2 மில்லிமீட்டருக்கு மேல் போகாமல் அடுக்கடுக்காக வைத்து லைட் காட்டி இறுக வைக்க வேண்டும். கடைசியில் நீலத் தாளைக் கடிக்க வைத்து உயரம் பார்த்து, பாலிஷ் போடச் சொல்லிக் கேளுங்கள். தூக்கத்தில் பல் நறநறக்கும் பழக்கம் இருந்தால் அதையும் முதலிலேயே சொல்லிவிடுங்கள், இரவில் பல்லில் மாட்டும் காப்பு உறை (நைட் கார்டு) தேவைப்படலாம். அப்புறம், மரப்பு விட்டபின் அந்தப் பல் மட்டும் முதலில் இடிப்பதுபோல் இருந்தால் பழகிவிடும் என்று விடாமல் மறுநாளே போய்ச் சரிசெய்துகொள்ளுங்கள்.