பழைய கார் ஸ்டார்ட் ஆகவில்லையா? எல்லையோர வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி அனுப்பிய பலரும் பேட்டரி, காயில் (பிளக்குக்கு உயர் மின்னழுத்தம் தரும் சுருள்), பிளக் எல்லாவற்றையும் மாற்றிப் பார்த்த பிறகுதான் எழுதியிருக்கிறீர்கள். பழைய வண்டிக்கு நல்ல சாமான் கிடைப்பதே அரிது. கழற்றி வீசிய பழைய காயில், புதிதாக வாங்கிப் போட்டதைவிட நன்றாக இருந்திருக்கலாம். அதனால் கீழே உள்ள பதில்களில் சோதனை முதலில் வரும், சாமான் பிறகுதான்.

செங்கோட்டையிலிருந்து ஒரு வாசகர்: 1489 சிசி பெட்ரோல் அம்பாசடர். சாரல் காலத்தில் காலையில் செல்ஃப் நன்றாகச் சுற்றுகிறது, இன்ஜின் பிடிப்பதில்லை. வெயில் வந்ததும் ஒரே அடியில் ஸ்டார்ட் ஆகிறது. பிளக் நாலும் மாற்றிவிட்டேன்.

செல்ஃப் வேகமாகச் சுற்றுவதால் பேட்டரியைச் சந்தேகிக்க வேண்டாம். வெயிலில் சரியாகிறது என்றால் ஈரம்தான் காரணம். அது போய் உட்காரும் இடம், காயில் தரும் மின்சாரத்தை ஒவ்வொரு பிளக்குக்கும் முறைவைத்துப் பிரித்துக் கொடுக்கும் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடி.

மூடியைக் கழற்றி, உட்புறத்தை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். ஒரு பித்தளை முனையிலிருந்து இன்னொன்றுக்கு, பென்சிலால் கிழித்ததுபோல மெல்லிய கறுப்புக் கோடு தெரிகிறதா? தெரிந்தால் மூடியை மாற்றியே ஆகவேண்டும். அந்தக் கோடு கரி. ஈரமான நாளில் மின்சாரம் பிளக்குக்குப் போகாமல் அதன் வழியே கசிந்துவிடும். சுரண்டி எடுத்தாலும் திரும்ப வரும். கோடு இல்லையென்றால் உலர்ந்த பருத்தித் துணியால் மூடியையும், அதற்குள் சுற்றும் ரோட்டரையும் காயிலின் வாய்ப் பகுதியையும் துடைத்தாலே போதும். நடுவிலுள்ள கார்பன் முனை ஸ்பிரிங்கில் அழுத்தினால் உள்ளே போய்த் திரும்ப வெளியே வர வேண்டும். ஒயர்களைக் கழற்றுமுன் எண் எழுதி ஒட்டிவிடுங்கள். ஃபயரிங் ஆர்டர் (சிலிண்டர்களுக்குப் பொறி போகும் வரிசை) 1-3-4-2, ரோட்டர் இடஞ்சுழியாகச் சுற்றும்.

கையோடு, டிஸ்ட்ரிபியூட்டருக்குள் கரன்டைத் திறந்து மூடும் பாயின்ட்டின் இடைவெளியையும் ஃபீலர் கேஜால் (அளவு குறித்த மெல்லிய தகடுகள்) பார்த்துவிடுங்கள். 0.015 அங்குலம், அதாவது சுமார் 0.38 மில்லிமீட்டர். பிளக்குக்கு 0.025 அங்குலம். புதுப் பிளக்கைப் பெட்டியிலிருந்து எடுத்து அப்படியே மாட்டியிருந்தால் அதையும் ஒருமுறை அளந்துவிடுவது நல்லது.

கம்பத்திலிருந்து: பத்மினி காரில் லோயர் கேம்ப் தாண்டிக் குமுளி மலைப்பாதை ஏறும்போது பாதி வழியில் நின்றுவிடுகிறது. அரைமணி நேரம் விட்டால் ஸ்டார்ட் ஆகிறது. ஒரு மெக்கானிக் ஏர் லாக் என்கிறார், இன்னொருவர் காயில் என்கிறார்.

இருவர் சொல்வதும் நடக்கக்கூடியதே. ஏர் லாக் என்றால் சூட்டில் பெட்ரோல் பைப்பிலேயே ஆவியாகி வழியை அடைப்பது. எது என்பதை வண்டி நின்ற அந்த ஐந்து நிமிடத்துக்குள் கண்டுபிடிக்க வேண்டும். ஆறிய பிறகு ஒர்க்ஷாப்பில் தேடினால் எதுவும் தெரியாது.

நின்றவுடன் முதலில் பெட்ரோல் டேங்க் மூடியைத் திறங்கள். "புஸ்" என்று காற்று உள்ளே இழுத்தால் மூடியிலுள்ள காற்றுத்துளை அடைத்திருக்கிறது. டேங்கில் வெற்றிடம் உண்டானால் பம்ப்பால் பெட்ரோலை இழுக்க முடியாது. துளையைக் குத்திச் சுத்தம் செய்தால் வேலை முடிந்தது.

காற்று இழுக்கவில்லையென்றால் காயிலிலிருந்து வரும் நடு ஒயரை டிஸ்ட்ரிபியூட்டரிலிருந்து உருவி, ரப்பர் பிடியுள்ள கட்டிங் பிளேயரால் பிடித்து, இன்ஜின் இரும்புக்கு 6 மில்லிமீட்டர் தூரத்தில் வையுங்கள். பக்கத்தில் பெட்ரோல் கசிவு இருக்கக் கூடாது. இன்னொருவர் செல்ஃப் அடிக்கட்டும். தடித்த நீலப் பொறி படபடவென்று வந்தால் கரன்ட் பக்கம் சரி. மஞ்சளாக நூல்போல வந்தாலோ வராமலே போனாலோ காயில் அல்லது கண்டன்சர் (பாயின்ட் முகம் பொறியில் கருகாமல் காப்பது). பாயின்ட் முகத்தைப் பாருங்கள்: ஒருபக்கம் குழியும் மறுபக்கம் பருப்போல மேடும் இருந்தால் கண்டன்சரைத்தான் முதலில் மாற்ற வேண்டும். விலையும் அதற்குத்தான் குறைவு. காயிலை மல்டிமீட்டரில் அளந்தால், ரெசிஸ்டர் இல்லாத 12 வோல்ட் காயிலின் இரு சிறு முனைகளுக்கிடையே சுமார் 3 ஓம் காட்ட வேண்டும். சூடாக இருக்கும்போதே அளக்க வேண்டும்.

பொறி நன்றாக இருந்து, கார்புரேட்டருக்குப் பெட்ரோல் வரவில்லையென்றால் ஏர் லாக். பம்ப்மேல் ஈரத்துணி போட்டு மெல்லத் தண்ணீர் ஊற்றுங்கள். சூடான எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டில் தண்ணீர் படக் கூடாது, விரிசல் விடும். ஐந்து நிமிடத்தில் பிடித்தால் ஏர் லாக் உறுதி. ஈரத்துணியோடு காலம் தள்ள வேண்டாம். பெட்ரோல் பைப் மேனிஃபோல்டை ஒட்டிப் போனால் இரண்டு அங்குலமாவது விலக்கி, நடுவில் ஒரு தகடு தடுப்பு வையுங்கள்.

சூட்டில் நின்ற வண்டிக்குச் சோக் இழுப்பதும், ஆக்சிலேட்டரைத் திரும்பத் திரும்ப மிதிப்பதும் இன்ஜினைப் பெட்ரோலில் மூழ்கடிக்கும். மூழ்கிவிட்டால் சோக்கை உள்ளே தள்ளி, ஆக்சிலேட்டரை முழுசாக மிதித்துப் பிடித்தபடி செல்ஃப் அடியுங்கள்.

பொள்ளாச்சியிலிருந்து: சாவி திருப்பினால் "டக்" என்று ஒரு சத்தம் மட்டும். பேட்டரி புதிது.

ஹெட்லைட்டைப் போட்டுச் சாவியைத் திருப்புங்கள். வெளிச்சம் அப்படியே செத்துப்போனால் பேட்டரி அல்லது அதன் முனை. நல்ல பேட்டரி ஓய்வில் 12.6 வோல்ட் காட்டும். செல்ஃப் அடிக்கும்போது 9.6-க்குக் கீழே இறங்கக் கூடாது. வெளிச்சம் குறையாமல் "டக்" மட்டும் கேட்டால் சொலினாய்டு (செல்ஃபுக்குக் கரன்ட் விடும் சுவிட்ச்) அல்லது செல்ஃப் மோட்டார்.

அதற்குமுன் எர்த்தை, அதாவது பேட்டரிக்கும் வண்டி இரும்புக்கும் உள்ள இணைப்பைப் பாருங்கள். மல்டிமீட்டரின் ஒரு கம்பியைப் பேட்டரியின் எர்த் முனையிலும், மற்றதை இன்ஜின் பிளாக்கிலும் வைத்துச் செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். அரை வோல்ட்டுக்குமேல் காட்டினால் இன்ஜினையும் பாடியையும் இணைக்கும் பின்னல் பட்டை துருவேறியிருக்கிறது. கழற்றி, இரும்பு பளபளக்கும்வரை எமரி தாளால் தேய்த்து, இறுக்கி, மேலே வாசலின் பூசுங்கள். இன்னொன்று: மிகப் பழைய இங்கிலாந்து வழி வண்டிகளில் பாசிட்டிவ் முனைதான் எர்த். புதுப் பேட்டரி மாட்டியவர் அதைப் பார்த்தாரா என்று உறுதி செய்துகொள்ளுங்கள்.

கூடலூரிலிருந்து: செல்ஃப் "விர்"ரென்று சுற்றுகிறது, இன்ஜின் அசையவில்லை.

செல்ஃபின் பினியன் பல்லை ஃப்ளைவீல் பல்லோடு கோக்கும் பென்டிக்ஸ் பிடிக்கவில்லை. செல்ஃப் மோட்டாரை இறக்கி, பினியன் ஏறி இறங்கும் மரையை மண்ணெண்ணெயில் கழுவுங்கள். எண்ணெயோ கிரீஸோ போட வேண்டாம். கிளட்ச் தூசி அதில் ஒட்டித்தான் இந்தத் தொல்லையே வருகிறது. பினியன் ஃப்ளைவீல் பல்லில் மாட்டிக்கொண்டால் சாவியை அணைத்து, டாப் கியரில் போட்டு, வண்டியை முன்னும் பின்னும் அசைத்தால் விடும்.

மார்த்தாண்டத்திலிருந்து: ஆறு மாதம் ஷெட்டில் நின்ற அம்பாசடர். நேராகச் செல்ஃப் அடிக்கலாமா?

அடிக்காதீர்கள். நாலு பிளக்கையும் கழற்றி, ஒவ்வொரு துளையிலும் ஒரு டீஸ்பூன் இன்ஜின் ஆயில் விட்டு, ஓர் இரவு ஊறட்டும். மறுநாள் பிளக் இல்லாமலே ஹேண்டில் போட்டுக் கையால் சுற்றுங்கள். கட்டைவிரலை மற்ற விரல்களோடு ஒரே பக்கம் வைத்து, மேல்நோக்கி இழுக்க வேண்டும். பிளக் மாட்டிய பிறகு ஹேண்டில் போட்டால் இது இன்னும் முக்கியம். இன்ஜின் எதிர்த்து அடித்தால் கட்டைவிரல் முறியும்.

பழைய பெட்ரோலை ஒரு கண்ணாடிப் பாட்டிலில் பிடித்துப் பாருங்கள். அடியில் தனி அடுக்காக நீர் பிரிந்திருந்தால் டேங்க் முழுவதையும் வடித்துவிடுங்கள். எத்தனால் கலந்த பெட்ரோல் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். உங்கள் ஊர் மழைக்குச் சொல்லவே வேண்டாம். பழைய ரப்பர் ஹோஸையும் பம்ப் டயஃப்ரமையும்கூட அது ஊதவைக்கும். ஹோஸை விரலால் அழுத்துங்கள். பிசுபிசுத்தாலோ வெடிப்பு தெரிந்தாலோ எத்தனால் தாங்கும் ஹோஸ் போட்ட பிறகே ஸ்டார்ட் செய்யுங்கள்.