முகமூடிக்கு முகமூடி: ஒரு கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

பள்ளி நாட்களில் டிவியில் மல்யுத்த வீரர் ரே மிஸ்டீரியோவைப் பார்த்து வளர்ந்தவன் நான். இப்போது அவர் மகன் டொமினிக்கும் சண்டை போடுகிறார். மெக்சிகோ மல்யுத்தம் பற்றித் தேடினால் இன்னார் ஜூனியர், இன்னார் மகன் என்றே பெயர்கள் வருகின்றன. அதிலும் சிலர் சொந்தப் பிள்ளைகளே இல்லையாம். இது வாரிசு வியாபாரம்தானே? ரசிகர்கள் எப்படிப் பொறுத்துக்கொள்கிறார்கள்?

ர., மதுரை

அன்புள்ள ர.,

வாரிசுச் சலுகை அங்கே உண்டு, மறுக்கவில்லை. புகழ்பெற்ற அப்பாவின் பெயர் இருந்தால் போஸ்டரில் சீக்கிரம் இடம் கிடைக்கும். போட்டிகளை நடத்தும் சிஎம்எல்எல் நிறுவனமே 1933இல் சால்வடோர் லூட்டெரோத் தொடங்கியதுதான். பிறகு மகன், பேரன் என்று அந்தக் குடும்பத்தின் கையிலேயே இருந்துவருகிறது. ஆனாலும் எனக்கு இந்த வாரிசுகள்மேல் பெரிய மரியாதை உண்டு. அவர்களுக்கு வரும் சொத்து, அப்பா அணிந்த முகமூடி. அது ஒரே ராத்திரியில், பல்லாயிரம் பேர் கண்ணெதிரே பறிபோகக்கூடியது.

முகமூடிக்கு முகமூடி என்று பந்தயம் கட்டி மோதுவார்கள். தோற்றவர் மேடையிலேயே முகமூடியைக் கழற்றி, தன் நிஜப் பெயரைச் சொல்ல வேண்டும். அதன்பின் அதைத் திரும்ப அணியக்கூடாது என்பது மரபு. வாக்னர் குடும்பத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். அப்பா டாக்டர் வாக்னர் 1985இல் எல் சொலிட்டாரியோவிடம் தோற்று வெள்ளை முகமூடியை இழந்தார். மறு வருடமே கார் விபத்து. மல்யுத்த வாழ்க்கை அதோடு முடிந்தது. அந்த முகமூடியை மகன் டாக்டர் வாக்னர் ஜூனியர் சுமார் முப்பது வருடம் காப்பாற்றினார். 2017 ஆகஸ்டில், ஐம்பது வயதைத் தாண்டியபின், சைக்கோ க்ளவுனிடம் அவரும் தோற்றார். தாங்கிக்கொள்ளக் கடினமான காட்சி அது.

வென்ற சைக்கோ க்ளவுன் யார் என்று பார்த்தால் இன்னொரு குடும்பத்தின் கணக்கு தெரியும். அவர் பிராஸோ தே பிளாட்டாவின் மகன். 1988இல் மான்டெர்ரேயில் பிராஸோ சகோதரர்கள் மூவரும் வில்லானோ சகோதரர்கள் மூவருடன் மோதி, மூன்று முகமூடிகளையும் ஒரே நாளில் இழந்தார்கள். அப்பா இழந்த முகமூடியை மகன் திரும்பக் கொண்டுவர முடியாது. ஆனால் புதிதாக ஒன்றை அணிந்து, அதைப் பணயம் வைத்து, நாட்டின் மிகப் பெரிய முகமூடிகளில் ஒன்றை வென்றுவிட்டார்.

அந்த வில்லானோக்களின் அப்பா ரே மென்டோசா, பெரிய சாம்பியன். பிள்ளைகள் படித்து டாக்டராகவோ வக்கீலாகவோ வர வேண்டும் என்பதுதான் அவர் ஆசை. மூத்தவர்கள் அவருக்குத் தெரியாமல் முகமூடி போட்டுக்கொண்டு களமிறங்கினார்கள். விஷயம் தெரிந்தபின் அவரே பயிற்சி கொடுத்தார். அப்பாவின் பெயரைச் சொல்லி மேலே வந்தவர்கள் என்று இவர்களை எப்படிச் சொல்வது? வெள்ளி முகமூடிக்காரர், புகழின் உச்சியில் இருந்த வீரர் எல் சாண்டோவும் அப்படித்தான். முதலில் படிப்பை முடி என்று கடைசி மகனிடம் உறுதியாகச் சொன்னவர். 1984இல் அவர் இறந்தபோது வெள்ளி முகமூடியோடுதான் அடக்கம் செய்தார்கள். பின்னாளில் சாண்டோவின் பேரன் என்ற பெயரை யார் பயன்படுத்தலாம் என்று குடும்பத்துக்குள் சட்டச் சண்டை வந்தது வருத்தமான விஷயம்.

சரி, சொந்தப் பிள்ளைகள் அல்லாதவர்கள். பணம் கொடுத்துப் பெயரை வாங்குவது உண்டு, அது எனக்கும் பிடிக்காது. ஆனால் எல்லாரையும் அந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். ப்ளூ டெமன் ஜூனியர், மூத்த ப்ளூ டெமனின் தத்துப்பிள்ளை; அவரைக் குறைத்துப் பேச எனக்கு மனம் வராது. மூத்த ப்ளூ டெமனும் பிளாக் ஷேடோவும் அண்ணன் தம்பிகளாகவே களத்தில் அறியப்பட்டார்கள், ரத்த உறவு எதுவும் கிடையாது. 1952இல் சாண்டோ பிளாக் ஷேடோவின் முகமூடியைப் பறித்தபோது பழிதீர்க்கக் கிளம்பியவர் ப்ளூ டெமன்தான். அடுத்த ஆண்டே சாண்டோவிடமிருந்து பட்டத்தைப் பறித்தார். மெக்சிகோ மல்யுத்தத்தின் மிகப் பெரிய பகை இப்படித்தான் வளர்ந்தது.

உங்கள் ரே மிஸ்டீரியோவுக்கும் பெயர் அப்பாவிடமிருந்து வரவில்லை. டிஹுவானாவில் அவரைப் பழக்கிய மாமா, மூத்த ரே மிஸ்டீரியோ கொடுத்தது. 2005இல் சிறுவன் டொமினிக் யாருக்குச் சொந்தம் என்று ரேயும் எடி கெரேரோவும் ஏணி வைத்து மோதினார்களே, நினைவிருக்கும். அது எழுதப்பட்ட கதைதான். ஆனால் எதிரே நின்ற எடியும் பரம்பரைக்காரர்; சாண்டோவோடு ஜோடி சேர்ந்து ஆடிய கோரி கெரேரோவின் கடைசி மகன். டொமினிக் முகமூடி இல்லாமல் ஆடுகிறார் என்பதால், நான் மேலே சொன்ன பந்தயம் அவருக்குப் பொருந்தாது.

இந்தப் பரம்பரைக்கு உடம்பும் விலை. வாக்னரின் இன்னொரு மகன் சில்வர் கிங் 2019 மே மாதம் லண்டனில் மேடையிலேயே இறந்தார். இன்னொரு வீரர் பெர்ரோ அகுவாயோவின் மகன் 2015இல் டிஹுவானாவில், சண்டையின் நடுவே.

இன்னொன்று. நீங்களும் நானும் மகன்களைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறோம். இர்மா கொன்சாலெஸின் மகள் இர்மா அகிலாரும் மல்யுத்த வீராங்கனை. மொரேனோ குடும்பத்தில் ரோஸி, எஸ்தர், சிந்தியா, ஆல்டா என்று நான்கு சகோதரிகள் களத்துக்கு வந்தார்கள். மெக்சிகோ சிட்டியில் பெண்கள் மல்யுத்தத்துக்கு 1950களிலிருந்து 1980களின் நடுப்பகுதி வரை தடை இருந்தது. தலைநகரின் பெரிய அரங்குகளில் ஆட முடியாமல் வெளியூர்களில் ஆடித்தான் அந்தத் தலைமுறைப் பெண்கள் இந்தத் தொழிலைக் காப்பாற்றினார்கள். அடுத்து தேடும்போது அவர்கள் பெயர்களையும் போட்டுப் பாருங்கள்.

அன்புடன்.