நீண்ட இடைவெளிக்குப் பிறகு பல்கலைக்கழக வகுப்புகளுக்குத் திரும்பியிருக்கிறேன், மனம் ஒட்டவில்லை. எப்படிப் பழகிக்கொள்வது?

கேள்வி கேட்ட தம்பி தந்திருக்கும் விவரம் இவ்வளவுதான்: இலங்கைக் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் வந்தாறுமூலை வளாகத்தில் இரண்டாம் வருடம். மாதக்கணக்கில் விரிவுரைகள் நடக்கவில்லை. அந்த நாட்களில் கல்முனையில் ஒரு கைபேசிக் கடையில் வேலை செய்திருக்கிறார். இப்போது வகுப்புகள் தொடங்கிவிட்டன, ஆனால் உட்கார்ந்தால் எதுவும் மண்டையில் ஏறவில்லை. படித்ததெல்லாம் மறந்துவிட்டது என்று பயப்படுகிறார்.

நான் அதே வளாகத்தில் விவசாயம் படித்தவன். 2020 மார்ச்சில் பல்கலைக்கழகங்கள் மூடப்பட்டபோது மாணவன். 2024-இல் கல்விசாரா ஊழியர்களின் வேலைநிறுத்தம் மே தொடங்கி ஜூலை வரை இழுத்தபோது, தற்காலிகப் போதனாசிரியராகச் செய்முறை வகுப்புகளில் நின்றேன். எனவே திரும்பி வருகிறவனாகவும், திரும்பி வருகிறவர்களைப் பார்த்துக்கொண்டு நிற்பவனாகவும் இரண்டு பக்கமும் தெரியும்.

மறதியைப் பற்றிய பயத்தை முதலில் தள்ளிவைக்கலாம். ஹெர்மன் எபிங்ஹவுஸ் என்ற ஜெர்மானியர் தன்னையே சோதனைப் பொருளாக்கி, பொருளற்ற அசைகளை மனப்பாடம் செய்து, அவற்றை மறந்து, மீண்டும் மனப்பாடம் செய்து பார்த்தார். 1885-இல் வெளியான அந்த ஆய்வில், மறதி எவ்வளவு வேகமானது என்பதைத்தான் எல்லோரும் நினைவில் வைத்திருக்கிறார்கள். அதே ஆய்வின் மற்றப் பாதி, ஒருமுறை கற்றதை மீண்டும் கற்க முன்பைவிடக் குறைந்த நேரமே போதும் என்பது. சொற்கள் நாக்கில் வரவில்லை என்பதற்காக அடித்தளமே இல்லை என்று ஆகிவிடாது. ஆகவே முதலாம் வருடக் குறிப்புகளை முதல் பக்கத்திலிருந்து புரட்டத் தொடங்காதீர்கள். அது நல்ல பிள்ளையாக இருக்கிறோம் என்ற திருப்தியைத் தருமே தவிர, நாளைய விரிவுரைக்கு உதவாது. இன்று நடந்த பாடத்தைப் பிடியுங்கள். எங்கே தடுக்கிறதோ அந்த இடத்துக்குத் தேவையான பழைய பக்கத்தை மட்டும் திறவுங்கள்.

ஆனால் உங்கள் சிக்கல் மறதி என்று எனக்குத் தோன்றவில்லை. கடையைப் பற்றி எழுதிய இரண்டு வரிகளில்தான் விஷயம் இருக்கிறது.

இடைவெளியில் வீட்டில் சும்மா இருந்தவர்கள் வளாகத்துக்கு ஆசையோடு வருகிறார்கள். உழைத்தவர்கள் அப்படி வருவதில்லை. வேளாண்மை வெட்டுக்கு நின்றவன், காத்தான்குடியில் துணிக்கடையில் நின்றவன், கொழும்பில் சமையல் அறையில் நின்றவன், இவர்கள் எல்லோரிடமும் ஒரே எரிச்சலைக் கண்டிருக்கிறேன். மாத முடிவில் அம்மாவின் கையில் காசு கொடுத்த ஒருவன், இப்போது பஸ்ஸுக்கும் சோற்றுப் பார்சலுக்கும் அதே அம்மாவிடம் கேட்க வேண்டியிருக்கிறது. கடையில் 'இதைச் சரிபார்த்துத் தாங்க தம்பி' என்று வயதானவர்கள் நம்பிக் கொடுத்த கைபேசியைத் திருத்தியவன், இங்கே வரவுப் பதிவில் கையெழுத்துப் போட வரிசையில் நிற்கிறான். மனம் ஒட்டாமல் இருப்பதற்கு இது போதாதா? இதைச் சோம்பேறித்தனம் என்று வீட்டார் சொன்னால் நம்பாதீர்கள். சம்பாதிப்பது பிடித்துப்போனதற்கு வெட்கப்படவும் வேண்டாம்.

2025 வரவுசெலவுத் திட்டம் பல்கலைக்கழக மாணவர்களுக்கான மகாபொல உதவித்தொகையை மாதம் 5,000 ரூபாயிலிருந்து 7,500 ஆக்கியது. அது கிடைக்கிறது என்றே வைத்துக்கொண்டாலும், போர்டிங் வாடகையையும் மூன்று வேளைச் சாப்பாட்டையும் அதற்குள் அடக்க முடியாது. எனவே வேலையை அறவே விடுங்கள் என்று நான் சொல்லப்போவதில்லை. வேலைக்கு ஒரு வேலி போடுங்கள் என்கிறேன். எங்கள் பிரிவில் வார இறுதியில் மட்டும் கடைக்குப் போனவன் நல்ல பெறுபேற்றுடன் வெளியேறினான். 'இந்த வாரம் மட்டும்' என்று கிழமை நாட்களிலும் போனவன் வகுப்பு வரவில் சறுக்கினான். பெரும்பாலான பாடங்களுக்கு 80 சதவீத வரவு இல்லாமல் பரீட்சை எழுத விடமாட்டார்கள் என்பது உங்களுக்கே தெரியும். நீண்ட மூடலுக்குப் பிறகு 15 வாரச் செமஸ்டரைச் சுருக்கி நடத்தும்போது, தவறவிடும் ஒவ்வொரு நாளும் வழக்கத்தைவிட அதிகம் வெட்டும்.

முதல் வாரம் யாரும் படிப்பிக்க மாட்டார்கள், பிறகு போகலாம் என்று வீட்டில் நிற்பவர்கள் உண்டு. என் பார்வையில் அந்த வாரம்தான் விலை உயர்ந்தது. புதிய நேரசூசி, ஒப்படைகளின் கடைசித் தேதி, எந்தச் செய்முறை சேர்த்து நடத்தப்படும், எது கைவிடப்படும் என்பதெல்லாம் நடைபாதைப் பேச்சிலேயே முடிவாகிவிடும். வாட்ஸப் குழுவில் வருவது அதன் மிச்சம். அதோடு உடம்புக்கும் பயணம் பழக வேண்டும். எனக்கு மண்டூரிலிருந்து குருமண்வெளிக்குப் பாதையில், அதாவது வாவியைக் கடக்கும் மிதவைப் படகில், கடந்து, களுவாஞ்சிகுடியில் பஸ் ஏறி, மட்டக்களப்பில் மாறிப் போக வேண்டியிருந்தது. காலை எட்டு மணி விரிவுரைக்கு அந்தப் பயணத்தை நம்பிப் பயனில்லை. ஞாயிறு மாலையே போய்விடுவேன். கல்முனையிலிருந்து தினமும் வந்துபோக நினைத்தால் நீங்களும் கணக்குப் போட்டுப் பாருங்கள். தெற்கிலிருந்து இரவு ரயிலில் வரும் சிங்கள மாணவர்கள் நம்மைவிடத் தூரத்திலிருந்து வந்து, முதல் நாளே வகுப்பில் இருப்பார்கள். அதைப் பார்த்து எனக்குக் கொஞ்சம் ரோஷம் வந்ததும் உண்மை.

இன்னொன்றை யாரும் வெளியே சொல்வதில்லை: ஆங்கிலம். விஞ்ஞானம், விவசாயம் போன்ற பீடங்களில் ஆங்கிலத்தில் கற்கிறோம். மாதக்கணக்கில் வீட்டிலும் கடையிலும் தமிழ்தான். திரும்பி வந்ததும் விரிவுரையாளர் பேசுவது வேகமாகப் போவது போல இருக்கும். பாடம் புரியவில்லை என்று நினைப்பீர்கள்; உண்மையில் காது இன்னும் திரும்பவில்லை. விரிவுரைக் குறிப்பை அறையில் வாய்விட்டு வாசியுங்கள். அறை நண்பர்கள் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். கலைப்பீடத்தில் தமிழில் படிப்பவராக இருந்தால் இந்தப் பத்தியை விட்டுவிடலாம்.

பரீட்சைக்கு முன் நடக்கும் குப்பி வகுப்பை, அதாவது மாணவர்களே ஒருவருக்கொருவர் சொல்லிக்கொடுக்கும் வகுப்பை, இம்முறை இப்போதே தொடங்கச் சொல்லுங்கள். மூன்று நான்கு பேர் போதும். கேட்டுக்கொண்டு மட்டும் இருக்காமல், ஏதாவது ஒரு சின்னப் பகுதியை நீங்கள் ஏற்றுச் சொல்லிக்கொடுங்கள். வாடிக்கையாளருக்கு விளக்கிப் பழகிய வாய் உங்களுடையது. அந்தத் திறமையை வகுப்புக்குள் கொண்டுவர இதைவிட நேரடியான வழி எனக்குத் தெரியவில்லை. நம்மைப் பார்த்து நாலு பேர் கேள்வி கேட்கிறார்கள் என்ற நிலை வந்தாலே, அந்த வரிசையில் நிற்கும் எரிச்சல் பாதி குறையும்.

கடை முதலாளியிடம் இந்த வாரமே பேசிவிடுங்கள். சனி, ஞாயிறு மட்டும் வருவேன், பெருநாள் வியாபாரத்துக்கு வேண்டுமானால் இரண்டு நாள் கூடுதலாக நிற்பேன், பரீட்சைக்கு முந்தைய மாதம் வரவே மாட்டேன் என்று முன்கூட்டியே சொல்லுங்கள். கைபேசி திருத்தத் தெரிந்த பையனை இழக்க விரும்பாத முதலாளி பெரும்பாலும் சம்மதிப்பார். சம்மதிக்காவிட்டால், ஏறாவூரிலும் செங்கலடியிலும் கைபேசிக் கடைகள் இருக்கின்றன. வளாகத்துக்கு அவை இன்னும் பக்கம்.