மிகக் குறுகிய லேசர் துடிப்பு மூலக்கூற்றை எப்படி உடைக்கிறது? வெப்பத்தினாலா?

வெப்பத்தினால் அன்று. சூடேற்றும்போது மூலக்கூறு முழுவதும் அதிர்ந்து, பெரும்பாலும் அதன் நலிந்த பிணைப்பே முதலில் அறுகிறது. புற ஊதா லேசர் துடிப்பிலோ ஒளியின் ஆற்றலை ஏற்பது எலக்ட்ரான். அது மேல்நிலைக்குத் தாவிய மறுகணமே, அதுவரை இரு அணுக்களையும் சேர்த்துப் பிடித்திருந்த விசை அவற்றை விலக்கித் தள்ளும் விசையாக மாறிவிடக்கூடும்.

கல்லூரியில் இப்பாடத்தை நடத்தும்போது நான் எப்போதும் அயோடின், கார்பன், நைட்ரஜன் அணுக்கள் ஒவ்வொன்று கொண்ட அயோடின் சயனைடையே எடுத்துக்கொள்வேன், ஏனெனில் பிணைப்பு முறிவதை அது நிகழும் வேகத்திலேயே பின்தொடர்ந்த முதல் ஆய்வுகளுள் ஒன்று அதில்தான் நடந்தது. 1987இல் கலிஃபோர்னியா தொழில்நுட்பக் கழகத்தில் அகமது ஜுவைலின் குழுவினர், ஒரு புற ஊதாத் துடிப்பால் அயோடினுக்கும் கார்பனுக்கும் இடையிலான பிணைப்பை முறித்து, சற்றே தாமதமாக வந்த 388 நானோமீட்டர் அலைநீளத் துடிப்பால், விடுபட்ட கார்பன்-நைட்ரஜன் துண்டை ஒளிரச் செய்தனர். ஃபெம்டோ நொடிக் கணக்கிலான அத்தாமதத்தை அளக்க எந்தக் கடிகாரத்தாலும் முடியாது; ஃபெம்டோ நொடி என்பது ஒரு நொடியை ஒரு கோடியால் வகுத்து, வந்த ஈவை மீண்டும் பத்துக் கோடியால் வகுத்தால் கிடைப்பது. ஆனால் ஒளி ஒரு ஃபெம்டோ நொடியில் 0.3 மைக்ரோமீட்டர் மட்டுமே செல்வதால், இரண்டாம் துடிப்பைத் திருப்பி அனுப்பும் கண்ணாடியை 15 மைக்ரோமீட்டர் பின்னே நகர்த்தினால், போக வர 30 மைக்ரோமீட்டர் கூடி, 100 ஃபெம்டோ நொடித் தாமதம் கிடைத்துவிடும். இவ்வாறு தாமதத்தைச் சிறிது சிறிதாகக் கூட்டிப் பார்த்தபோது, துண்டுகள் முழுமையாக விடுபடச் சுமார் 200 ஃபெம்டோ நொடிகள் ஆவது தெரிந்தது. ஃபெம்டோ நொடி என்பது ஒரு நொடியை ஒரு கோடியால் வகுத்து, வந்த ஈவை மீண்டும் பத்துக் கோடியால் வகுத்தால் கிடைப்பது. ஜுவைலின் இத்துறைப் பணிக்கு 1999இல் வேதியியல் நோபல் பரிசு வழங்கப்பட்டது. அப்பரிசு முற்றிலும் தகுதியானது என்றே கருதுகிறேன்.

இன்னொரு வழி மிகவும் வன்மையானது. துடிப்பின் செறிவு ஒரு சதுர சென்டிமீட்டருக்குக் கோடி கோடி வாட் அளவை எட்டினால், ஒளியின் மின்புலம் எலக்ட்ரான்களைப் பிடித்துவைத்திருக்கும் புலத்துக்கு இணையாகி, அவற்றில் சிலவற்றைப் பறித்துவிடும். எஞ்சிய நேர்மின் அயனிகள் ஒன்றையொன்று விலக்கிச் சிதறுகின்றன. இதையே கூலும் வெடிப்பு என்கிறோம். சிதறிய அயனிகளின் வேகத்தையும் திசையையும் அளந்தால், சிதறுமுன் மூலக்கூறு இருந்த வடிவத்தைக் கணிக்கலாம். துடிப்பு நீண்டுவிட்டால், அது முடிவதற்குள் அணுக்கள் நகர்ந்து அந்த வடிவம் கலைந்துவிடும். எடை குறைந்த ஹைட்ரஜனில் இச்சிக்கல் மிகுதி: நீர் மூலக்கூற்றில் ஆக்சிஜன்-ஹைட்ரஜன் பிணைப்பு ஒருமுறை நீண்டு சுருங்கவே ஏறத்தாழ 9 ஃபெம்டோ நொடிதான் ஆகிறது என்பதால், அங்கே 10 ஃபெம்டோ நொடிக்கும் குறைந்த துடிப்புகள் வேண்டியிருக்கின்றன.