தரங்கம்பாடியில் கற்றவர் யார்?

அன்புள்ள எழுத்தாளருக்கு,

வரும் விடுமுறையில் பிள்ளைகளோடு தரங்கம்பாடிக்குச் செல்ல இருக்கிறேன். டேனியக் கோட்டையைத் தவிர அங்கே பார்க்க என்ன இருக்கிறது? எங்கே தங்கலாம்? அந்தக் கடற்கரையில் ஓசோன் அதிகம் என்கிறார்களே, உண்மையா? தமிழர்களுக்குக் கல்வி கிடைத்ததே அவ்வூர் மிஷனரிகளால்தான் என்று படித்தேன். அதையும் பிள்ளைகளுக்குச் சொல்ல ஆசை.

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

விடுதிகளைப் பற்றி என்னைவிட உங்கள் கைப்பேசிக்கு நன்றாகத் தெரியும். ஓசோன் கதையை விட்டுவிடுங்கள். பிள்ளைகள் கடலில் கால் நனைக்க அது தேவையில்லை. ஆனால் உங்கள் கடைசி வரியை என்னால் அப்படிக் கடந்துபோக முடியவில்லை. சில வாரங்களாக, அங்கே வந்த ஜெர்மானிய மிஷனரியான சீகன்பால்கைப் பற்றியே படித்துக்கொண்டிருக்கிறேன்.

1706 ஜூலையில் சக மிஷனரி புளுட்சோவுடன் தரங்கம்பாடியில் வந்திறங்கியபோது அந்த இளைஞருக்குத் தமிழில் ஓர் எழுத்தும் தெரியாது. முதிய திண்ணைப்பள்ளி ஆசிரியர் ஒருவரைத் தம் வீட்டிலேயே பள்ளியை நடத்த இணங்கவைத்து, சிறுவர்களோடு தாமும் தரையில் அமர்ந்து, மணலில் விரலால் எழுதித்தான் அவர் அரிச்சுவடி கற்றார். இரண்டே ஆண்டுகளில், தாம் சேகரித்த தமிழ்ச் சுவடிகளுக்கு ஒரு பட்டியலே எழுதினார். அதில் திருக்குறளும் உண்டு. கல்வியே இல்லாத ஊரில் இத்தனை சுவடிகள் எப்படி வந்தன என்று ஒரு கணம் யோசித்திருக்க வேண்டாமா நீங்கள்? படித்ததை அப்படியே பிள்ளைகளின் தலையில் இறக்கிவைக்க எப்படி மனம் வருகிறது?

என் பள்ளி நாளில் அங்கே சுற்றுலா அழைத்துச் சென்ற ஆசிரியரும், கோட்டை மதில்மேல் எங்களை வரிசையாக நிறுத்தி, "இங்கேதான் நமக்கு எழுத்தறிவு வந்தது" என்றார். வீட்டுக்கு வந்து அதைச் சொன்னபோது, மணலில் எழுதிப் படித்தவரான என் தாத்தாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "அப்படியானால் எனக்குக் கைபிடித்து எழுதவைத்த வாத்தியார் யாராம்?" என்று கேட்டார்.

திண்ணைப்பள்ளியை நான் கோயிலாக்கவில்லை. பெண்பிள்ளைகளுக்கு அங்கே பெரும்பாலும் இடமில்லை. ஒடுக்கப்பட்ட சாதிகளின் பிள்ளைகள் அந்தத் திண்ணையை நெருங்கவும் முடியாது. 1707-இலேயே பெண்களுக்கும் பள்ளி தொடங்கியதும், ஜெர்மனியின் ஹாலே நகரிலிருந்து அச்செழுத்துகளை வரவழைத்து 1715-க்குள் தமிழில் புதிய ஏற்பாட்டை அச்சிட்டு முடித்ததும் சீகன்பால்கின் பெரும்பணிகள். இடையில் டேனிய ஆளுநர் அவரைச் சில மாதங்கள் சிறைவைத்த இடமும் நீங்கள் பார்க்கப்போகிற அதே கோட்டைதான். அவர் செய்ததைக் குறைக்க வேண்டியதில்லை. அவருக்குக் கற்றுக்கொடுத்தவர்களை அழிக்கவும் வேண்டியதில்லை.

தஞ்சை ரகுநாத நாயக்கரின் அனுமதியோடு 1620-இல் எழுந்து, 1845-இல் ஊரோடு சேர்த்து ஆங்கிலேயருக்கு விற்கப்பட்ட அந்தக் கோட்டைக்கு ஒரு மணி நேரம் போதும். பிறகு 1718-இல் கட்டிய புதிய எருசலேம் தேவாலயத்துக்குப் போங்கள். மறு ஆண்டே, தம் 36-ஆம் வயதில் இறந்த சீகன்பால்க் அங்கேதான் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார். நம் சிறுவர்களோடு அமர்ந்து படித்த மாணவர் இவர் என்று பிள்ளைகளிடம் அங்கே சொல்லுங்கள். 1306-இல் குலசேகர பாண்டியன் காலத்தில் எழுந்து, பெரும்பகுதியைக் கடலுக்குக் கொடுத்துவிட்ட மாசிலாமணிநாதர் கோயிலும் கரையிலேயே இருக்கிறது. வெயில் ஏறுவதற்கு முன் அதைப் பார்த்துவிடுங்கள்.