அக்காவுக்கு ஒரே வரியா?

ஐயா, வணக்கம்.

எனக்கு வயது 76. ஓய்வு பெற்ற ஆசிரியர், மலேசியாவில் சுங்கைப்பட்டாணியில் இருக்கிறேன். தாத்தா நாகப்பட்டினத்தில் ராஜுலா கப்பல் ஏறி பினாங்கில் இறங்கியவர். கையில் ஒரு தகரப்பெட்டி, அவ்வளவுதான் சொத்து. அப்பாவை யுத்த காலத்தில் ஜப்பான்காரன் சயாம்-பர்மா ரயில் பாதை போடப் பிடித்துக்கொண்டு போனான், உயிரோடு திரும்பி வந்தார். அக்கா ஆறாம் வகுப்போடு நின்று ரப்பர்ப்பால் வெட்டப் போனார், இப்போது தைப்பிங்கில் மகன் வீட்டில் இருக்கிறார். நான் படித்து ஆசிரியரானேன். இன்று மகள் மெல்பர்னில் மருத்துவர், மகன் சிங்கப்பூரில் பொறியாளர். தோட்டத்து லயத்தில், கூலிக்காரர்களின் வரிசை வீட்டில், பிறந்த எனக்கு இவ்வளவு நீண்ட, நிறைவான வாழ்க்கை கிடைத்ததை நினைத்தால் மனம் நெகிழ்கிறது. கடவுளுக்கும் இந்த நாட்டுக்கும் தாத்தாவின் தியாகத்துக்கும் நன்றி சொல்லி ஒரு புத்தகம் எழுத ஆசை. பேரப்பிள்ளைகளுக்குத் தமிழ் வாசிக்க வராது. தமிழில் எழுதுவதா, ஆங்கிலத்திலா? சொந்தக் காசில் அச்சிடலாமா? எங்கிருந்து தொடங்குவது? டிசம்பரில் பேரன் வருகிறான், அதற்குள் முடித்துவிட எண்ணம்.

அன்புடன்,
ஒரு வாசகர்

*

அன்புள்ள ஐயா,

உங்கள் கடிதம் நீளமானது, சுருக்கித்தான் போட்டிருக்கிறேன். கப்பலைப் பற்றி நீங்கள் எழுதியிருந்த நான்கு பத்திகளை எடுத்துவிட்டேன். அக்காவைப் பற்றி எழுதியதில் கை வைக்கவில்லை, நீங்கள் எழுதியதே அந்த ஒரு வரிதான்.

முதலில் சின்னக் கேள்விகளை முடித்துவிடலாம். தமிழில் எழுதுங்கள். உங்களுக்கு அழுகையும் கோபமும் எந்த மொழியில் வருகிறதோ அதில் எழுதினால்தான் உயிர் இருக்கும், ஆங்கிலத்தில் வேண்டுமென்றால் மகள் ஆள் பிடித்துக்கொள்வார். அச்சைப் பற்றி இப்போது யோசிக்கவே வேண்டாம். கடவுளுக்கு நன்றி சொல்வது உங்களுக்கும் அவருக்கும் இடையிலான விஷயம், நான் குறுக்கே வரவில்லை. நாட்டுக்கும் தாராளமாகச் சொல்லுங்கள். ஆனால் 1969க்குப் பிறகு குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை பெர்மிட் வேண்டும் என்று வந்தபோது, சிவப்பு அடையாள அட்டையோடு இருந்தவர்கள், இங்கேயே காலமெல்லாம் பால் வெட்டியவர்கள், பெட்டியைக் கட்டிக்கொண்டு ஊர் திரும்பினார்களே, அவர்களுக்கும் அந்தப் புத்தகத்தில் ஒரு பக்கம் கொடுங்கள். உங்கள் லயத்திலும் அப்போது வீடுகள் காலியாகியிருக்கும், நினைவுபடுத்திப் பாருங்கள்.

எங்கிருந்து தொடங்குவது என்று கேட்டீர்கள். அங்கேதான் உங்களோடு எனக்குச் சண்டை.

நம் ஆட்கள் யார் குடும்பக் கதை எழுதினாலும் கப்பலில்தான் தொடங்குகிறார்கள். நாகப்பட்டினம், ராஜுலா, தகரப்பெட்டி, பினாங்கு. ஆண் ஒருவர் கப்பல் ஏறுகிறார், அவருடைய மகன் கஷ்டப்படுகிறார், பேரன் படிக்கிறார், கொள்ளுப்பேரன் வெளிநாடு போகிறார். நடுவில் பெண் என்று யாருமே இல்லாமல் இவர்கள் எப்படிப் பிறந்தார்கள், யார் சோறு போட்டார்கள் என்று எனக்குப் புரிவதே இல்லை. 1938லேயே இந்திய அரசாங்கம் தோட்டக் கூலிக்கு ஆள் அனுப்புவதை நிறுத்திவிட்டது. அதற்குப் பிறகு இங்கே குடும்பங்கள் தழைத்தது லயத்தில் பிறந்து, நடக்கப் பழகி, கொஞ்சம் உயரம் வந்ததும் வாளியைத் தூக்கிய பிள்ளைகளால். அதிலும் பெண் பிள்ளைகளால். 1920களின் கடைசியில் அரசாங்கமே நிர்ணயித்த கூலி ஆணுக்கு நாளுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. அந்தப் பத்துக் காசைத் துரைமார் பிடித்தார்கள். நாம் நன்றி சொல்லும் நேரத்தில்கூடப் பிடித்துக்கொண்டுதான் இருக்கிறோம்.

உங்கள் அப்பா சயாமில் இருந்த காலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 415 கிலோமீட்டர் தண்டவாளம், காலரா, மலேரியா, எத்தனையோ தமிழர்கள் அங்கேயே போய்ச் சேர்ந்தார்கள். அப்பா உயிரோடு வந்தது பெரிய விஷயம், அதைக் கட்டாயம் எழுத வேண்டும். ஆனால் அவர் இல்லாத அந்த நாட்களில் ரப்பர் வாங்க ஆளில்லை, அரிசி இல்லை, மரவள்ளிக்கிழங்கை அவித்துத் தின்று உங்கள் அம்மா கைக்குழந்தையை உயிரோடு வைத்திருந்திருப்பார். வயதுக் கணக்குப் பார்த்தால் அந்தக் கைக்குழந்தை உங்கள் அக்காவாகத்தான் இருக்கும். இது உங்கள் கடிதத்தில் எங்கே இருக்கிறது?

எனக்கு ஏன் இவ்வளவு கோபம் வருகிறது என்று சொல்கிறேன். சில வருஷங்களுக்கு முன் என் அப்பாவின் எண்பதாவது பிறந்தநாளை ஈப்போவில் ஒரு மண்டபத்தில் கொண்டாடினோம். அப்பா கிராணியாக, அதாவது தோட்டத்துக் குமாஸ்தாவாக, இருந்து ஓய்வு பெற்றவர், மேடையில் நன்றாகப் பேசுவார். தாத்தாவுக்கு நன்றி சொன்னார். தமிழ்ப்பள்ளித் தலைமையாசிரியருக்கு, பழைய புத்தகம் கொடுத்த பாதிரியாருக்கு, வேலை போட்டுக் கொடுத்த வெள்ளைக்காரத் துரைக்குக்கூடச் சொன்னார். அவருடைய அக்கா, என் அத்தை, மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து கைதட்டிக்கொண்டிருந்தார். அவர் பெயர் வரவே இல்லை. அப்பா நன்றி கெட்டவர் அல்ல, அத்தைக்கு ஒரு காய்ச்சல் என்றால் தூங்க மாட்டார். ஆனாலும் நன்றி சொல்ல வேண்டியவர்களில் அத்தையும் ஒருவர் என்று அவருக்குத் தோன்றவில்லை. வீட்டு ஆள்தானே.

பிறகு ஒருநாள் அத்தை வீட்டில் போய் உட்கார்ந்து பேச்சுக் கொடுத்தேன். அழுவார் என்று நினைத்தேன். அவர் பால்வெட்டைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார். விடியுமுன் பெரட்டு என்ற ஆள் கணக்கெடுப்பு, நெற்றியில் விளக்கு, வெயில் ஏறினால் பால் நின்றுவிடும் என்பதால் குளிரோடு குளிராகத் தன் பங்கு மரங்களான நிரையை முடிக்கும் ஓட்டம். முதலில் பால் பிடிக்கும் மங்குக் கிண்ணத்திலும் வெட்டுக்கோட்டிலும் காய்ந்து கிடக்கும் ஒட்டுப்பாலை உரித்து எடுக்க வேண்டும், அப்புறம்தான் உளி. இடப்பக்கம் மேலே ஆரம்பித்து வலப்பக்கம் கீழே இறக்க வேண்டும். மரத்தின் பால்குழாய்கள் நேராக ஏறாமல் லேசாக வலப்பக்கம் சாய்ந்து ஏறுகின்றன, இப்படி வெட்டினால்தான் அதிகக் குழாய்கள் அறுபடும் என்று நான் பிற்பாடு படித்துத் தெரிந்துகொண்டேன். அத்தைக்கு அந்தச் சரிவு மணிக்கட்டிலேயே இருந்தது, கையால் காற்றில் இழுத்துக் காட்டினார். மேலோட்டமாகச் சீவினால் பால் வராது. கொஞ்சம் ஆழம் போனால் மரத்துக்குக் காயம், அந்த இடத்தில் புதுப்பட்டை முண்டும் முடிச்சுமாக வளரும், அடுத்த சுற்றில் உளி ஓடாது. தன் நிரையில் காயம் பட்ட மரமே இல்லை என்றும், புதிதாக வேலைக்கு வரும் பெண்களைப் பழக்கிவிட மண்டோர் (மேற்பார்வையாளர்) தன்னிடம்தான் அனுப்புவார் என்றும் சொல்லும்போது அத்தை நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டார்.

"பள்ளிக்கூடத்த விட்டப்ப அழுதீங்களா அத்தை?"

"ஒரு வருஷம் அழுதேன். அப்புறம் வெட்டு பிடிச்சுப்போச்சு. ஆனா உங்கப்பன் என்னைக்காவது ஒரு தடவ இதைக் கேட்டிருக்கலாம்."

இன்னொன்றும் சொன்னார். ரப்பர்ப்பால் துணியில் பட்டுக் காய்ந்தால் கறுத்துவிடும், எவ்வளவு துவைத்தாலும் போகாது. அத்தையின் உடுப்பெல்லாம் கறுத்துத்தான் கிடக்கும். தம்பியின் வெள்ளைச் சட்டையைத் தன் துணியோடு சேர்த்துத் துவைக்கவே மாட்டாராம், கையைச் சாம்பல் போட்டுத் தேய்த்துக் கழுவிவிட்டு, தனியாகத் துவைத்து, லயத்துக்குப் பின்னால் தனிக் கொடியில் காயப்போடுவாராம். டவுன் பள்ளியில் அப்பாவைப் பால்வெட்டு வீட்டுப் பையன் என்று ஒருத்தன்கூடச் சட்டையைப் பார்த்துக் கண்டுபிடித்ததில்லை. அப்பாவுக்கு இது தெரியாது. நான் சொன்னபோது எண்பது வயதில் குலுங்கிக் குலுங்கி அழுதார்.

காசுக் கணக்கும் இருக்கிறது. ஊழியர் சேமநிதி 1951லேயே வந்துவிட்டது. ஆனால் அத்தை பன்னிரண்டு வயதில் போனது பாட்டிக்கு உதவி ஆளாக. செக்ரோல் என்ற கூலிப் பதிவேட்டில் இருந்தது பாட்டியின் பெயர். இரண்டு பேர் வேலை, ஒரு பெயர். அந்த வருஷங்களுக்கு அத்தையிடம் ஒரு துண்டுக் காகிதம் கிடையாது. எந்த அலுவலகத்திலும் இல்லாத அந்தக் கணக்கைக் குடும்பத்தில் இருப்பவர்கள்தான் எழுதி வைக்க வேண்டும், எழுதப் படிக்கத் தெரிந்த தம்பிமார் அதைத்தான் செய்யவில்லை.

தயவுசெய்து கோபித்துக்கொள்ளாதீர்கள் ஐயா, வயதில் மூத்தவரிடம் இப்படிப் பேசுவது எனக்கும் கஷ்டமாகத்தான் இருக்கிறது. உங்கள் நன்றி உண்மையானது, கடிதம் முழுக்க அது தெரிகிறது. ஆனால் செத்துப்போன தாத்தாவுக்கு நன்றி சொல்வது சுலபம், அவர் திரும்ப எதுவும் கேட்க மாட்டார். அக்கா கேட்பார். என்னைப் படிக்க வைக்க ஏன் யாருக்கும் தோன்றவில்லை என்று கேட்டாலும் கேட்பார், அதற்கு உங்களிடம் பதில் இருக்காது. பரவாயில்லை, கேட்கட்டும். அவரைத் தியாகி என்று நாலு வார்த்தை புகழ்ந்து, அந்தப் புகழ்ச்சியாலேயே வாயை அடைத்துவிடாதீர்கள். அவர் வாயால் என்ன சொல்கிறாரோ அதை எழுதுங்கள். முதல் உளியை யார் கொடுத்தது, எத்தனை மரம் வெட்டினார், மழை பெய்து வேலையும் கூலியும் இல்லாத நாளில் வீட்டில் என்ன சமைத்தார்கள், பள்ளியில் எந்தப் பாடம் பிடிக்கும், நீங்கள் தமிழ்ப்பள்ளி முடித்து டவுனுக்கு இடைநிலைப் பள்ளியின் புகுமுக வகுப்புக்குப் போனபோது பஸ் காசு யார் சம்பளத்திலிருந்து வந்தது. கடைசிக் கேள்விக்குப் பதில் உங்களுக்கே தெரியும் என்று நினைக்கிறேன், இருந்தாலும் கேளுங்கள். புத்தகத்தின் முதல் பக்கத்தில் அது வரட்டும். கப்பலை மூன்றாவது அத்தியாயத்தில் வைத்துக்கொள்ளலாம்.

டிசம்பரில் பேரன் வந்ததும் அவனையும் தைப்பிங்குக்குக் கூட்டிப்போங்கள், நீங்கள் பக்கத்தில் இருந்து மொழிபெயர்த்துச் சொல்லுங்கள். ஆனால் அதுவரை காத்திருக்க வேண்டாம். அக்காவுக்கு எண்பதுக்கு மேல் ஆகியிருக்கும். சுங்கைப்பட்டாணியிலிருந்து காரில் கிளம்பினால் மத்தியானச் சாப்பாட்டுக்கு அங்கே இருக்கலாம். இந்த ஞாயிற்றுக்கிழமையே ஒருமுறை நீங்கள் மட்டும் போய்வாருங்கள்.